அந்தப் பக்கம் கவர்ன்மென்ட் எழுதியது

லோதி ரோடு பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவர்களே, பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று விடாமல் கேட்டுவிட்டீர்கள். தருகிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் இதை அப்படியே போடுவீர்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. என் சுபாவம் அப்படி. கூரியர்காரர் கையெழுத்துக் கேட்டால், மேலே என்ன அச்சடித்திருக்கிறது என்று படித்த பிறகுதான் போடுவேன். வாசல் மணி அடித்தால் துவாரம் வழியாகப் பார்ப்பேன், பார்த்த பிறகும் "யாரு?" என்பேன். "அத்தை போலீஸ்ல சேந்திருக்கலாம்" என்று என் மருமகள் சிரிப்பாள். சிரிக்கட்டும். இந்த வியாதி எனக்கு எங்கே ஒட்டியது என்று எனக்குத் தெரியும். தில்லி சர்க்கார் குவார்ட்டர்ஸில், என் ஒன்பது வயதில், ஒரு குளிர்காலத்தில் ஒட்டியது.

ஒன்சைட் பேப்பர் நினைவிருக்கிறதா? நம்மில் யார் வீட்டிலாவது காசு கொடுத்து ரஃப் நோட்டு வாங்கியதுண்டா? அப்பாக்கள் ஆபீஸிலிருந்து கொண்டுவருவார்கள். ஒரு பக்கம் சைக்ளோஸ்டைல் செய்த சர்க்குலர், மறுபக்கம் வெள்ளை. மை சரியாக விழாத பிரதி, கூடுதலாக அடித்த பிரதி எல்லாம் நம் வீட்டுக்குத்தான். அந்த மை மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாசனை அடிக்கும். நான் பெருக்கல் கணக்குப் போட்டது, படம் வரைந்தது, கப்பல் செய்து பாராபுல்லா நாலா ஓடையில் விட்டது எல்லாம் இந்திய அரசின் காகிதத்தில்தான். திருட்டு என்று யாரும் நினைத்ததில்லை. குப்பைக்குப் போவது பிள்ளைகளுக்குப் போகட்டும் என்பது நம் காலனியின் தர்மம்.

எங்கள் அப்பா ஒரு மந்திராலயத்தில், அதாவது மத்திய அமைச்சகத்தில், குமாஸ்தா. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். எங்களுக்கு மேலே, மாடி வீட்டில், கும்பகோணத்துக்காரர்களான ஒரு மாமாவும் மாமியும் இருந்தார்கள். மாமாவும் அப்பாவும் ஒரே ஆபீஸ், வேறு செக்ஷன். மாமி மதறாஸிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகை வாங்குவார். மாடியில் படித்து முடித்த பிறகு அது கீழே எங்கள் வீட்டுக்கு வரும். அம்மா அடுப்பு வேலையை முடித்துவிட்டு, அட்டையிலிருந்து அட்டை வரை விளம்பரம் விடாமல் படிப்பாள்.

அந்தப் பத்திரிகையில்தான் வெளியூர் வாசகிகளிடம் கட்டுரை கேட்டிருந்தார்கள். 'உங்கள் ஊர் வாழ்க்கையைப் பற்றி எழுதுங்கள். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதவும். திருப்பி அனுப்ப, தபால்தலை ஒட்டி சுயவிலாசமிட்ட உறை வைக்கவும்.' அம்மா அதை என்னிடம் வாய்விட்டு வாசித்தாள். பிறகு தனக்குள்ளேயே இன்னொரு முறை வாசித்துக்கொண்டாள்.

அவளுக்கு என்ன வேண்டியிருந்தது என்று இன்றைக்கு எனக்குப் புரிகிறது. ரேஷன் கார்டில் அப்பா பெயர். பால் டோக்கனில் அப்பா பெயர். வாசல் பலகையில் அப்பா பெயர். காலனியில் அவளை எல்லோரும் கூப்பிட்டது என் பெயரோடு 'அம்மா'வைச் சேர்த்துத்தான். கல்யாணமாகி தில்லிக்கு ரயிலேறிய பிறகு அவள் பெயரை யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை, அப்பா உட்பட. அவர் "ஏளா" என்பார். தன் பெயரை ஒரே ஒரு தடவை அச்சில் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

எழுதினாள். தில்லிக் குளிரில் இட்லி மாவு பொங்காத கதையை எழுதினாள். உங்கள் வீடுகளிலும் அந்தப் பாடு இருந்ததே! பாத்திரத்தை அங்கீட்டிக் கரியடுப்புப் பக்கத்தில் வைப்பது, பழைய ஸ்வெட்டரைச் சுற்றுவது, வெயிலில் புல்தரையில் கொண்டுபோய் வைத்துவிட்டுக் காகத்துக்குக் காவல் இருப்பது. காலனியில் எந்த வீட்டுப் பெண் என்ன வித்தை வைத்திருக்கிறாள் என்பதையெல்லாம் எழுதினாள். மாடி மாமி மாவுப் பாத்திரத்துக்குக் குரங்குக் குல்லா மாட்டுவதைப் பற்றி ஒரு பத்தி. அதை மட்டும் எனக்குப் படித்துக் காட்டினாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. அதைக் கையால் மறைத்துக்கொண்டு, "போதும்ட்டி, இது சின்னப் புள்ளைக்குக் கெடையாது" என்றாள்.

நல்ல பிரதியையும் ஒன்சைட் பேப்பரிலேயே எழுதினாள். நான் கேட்டேன், "ஒரு பக்கந்தான் எழுதணும்னு போட்டிருக்கேம்மா?"

"நான் ஒரு பக்கந்தானட்டி எழுதியிருக்கேன். அந்தப் பக்கம் கவர்ன்மென்ட் எழுதினது."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அப்பாவுக்குத் தெரியாமல் நானும் அவளுமாகப் போய் மார்க்கெட் முனைத் தபால்பெட்டியில் போட்டோம். உள்ளே விழுந்த சத்தம் கேட்ட பிறகும் அம்மா பெட்டியின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தாள். அதிலிருந்து ஆரம்பித்தது சந்தேகம்.

முதலில் தபால்காரர் டாக்கியா மேல். கனத்த உறை வந்தால் கட்டுரை திரும்பிவிட்டது, மெல்லிய உறை வந்தால் எடுத்துக்கொண்டார்கள் என்று மாமி எப்போதோ சொல்லியிருந்தார். மாமியின் சமையலறைக் குறிப்பு ஒன்று முன்பு அதே பத்திரிகையில் அச்சாகியிருந்தது, அந்தப் பெருமை அவருக்கு. டாக்கியாவின் சைக்கிள் மணி கேட்டால் அம்மா ஈரக் கையோடு வாசலுக்கு ஓடுவாள். "குச் நஹி பெஹன்ஜி" என்று அவர் சைக்கிளை நிறுத்தாமலே போவார். "எடுத்து வச்சுக்கிட்டு இல்லேங்கான். தீபாவளி இனாம் கொறச்சுக் குடுத்தோம்லா, அந்தக் கடுப்பு" என்பாள்.

அடுத்தது மாமி மேல். அந்த வாரப் பத்திரிகை வழக்கத்தைவிடத் தாமதமாகக் கீழே வந்தது. வந்ததில் ஒரு பக்கம் இல்லை. கத்தரிக்கோலால் ஓரம் பிசிறில்லாமல் வெட்டி எடுத்திருந்தது. அம்மா முகம் போன போக்கு இன்றும் என் கண்ணில் இருக்கிறது.

"என் கட்டுரை வந்திருக்கு. பொறாமை புடிச்சவ, வெட்டி எடுத்துட்டா."

"அம்மா, மாமிகிட்ட கேட்டுப் பாக்கலாமா?"

"கள்ளிகிட்ட போயி, களவாண்டியான்னு கேக்கவா?"

அன்றோடு மாமியுடன் பேச்சு நின்றது. மாமி மாடிப்படியில் "என்னடி, உங்கம்மாக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று என்னைக் கேட்டார். நான் தலையை எப்படி வேண்டுமானாலும் அர்த்தம் பண்ணிக்கொள்ளும்படி ஆட்டினேன்.

மூன்றாவது சந்தேகம் அப்பாவுடையது. அவர் பாட்டுக்கு இருந்த மனிதர்தான். பெண்டாட்டி தினமும் டாக்கியாவுக்காக வாசலில் நிற்கிறாள் என்று யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். "யாரு கடுதாசிக்குளா நிக்கே?" என்றார். "எங்க அண்ணன் போடுதேன்னு சொல்லியிருந்தாவ" என்றாள். அவர் மப்ளரைக் கட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் எனக்கு ஆரஞ்சு மிட்டாய் வாங்கிவந்து, "அம்மைக்கு யார்ட்டயிருந்து கடுதாசி வருது?" என்றார். அவர் அந்தப் பக்கம் போனதும் அம்மா வந்து, "அப்பா என்னத்தக் கேட்டாவ?" என்றாள். இரண்டு பேரிடமும் "ஒண்ணுமில்ல" என்றேன். மிட்டாய் தின்றேன்.

அந்தக் காலமும் அப்படி. எமர்ஜென்சி என்று பின்னால் பாடத்தில் படித்தோமே, அதுதான். பஸ் நேரத்துக்கு வந்தது, அப்பாக்கள் நேரத்துக்கு ஆபீஸ் போனார்கள். புல்தரையில் ஸ்வெட்டர் பின்னுகிற பெண்கள்கூட, தெரியாத ஆள் நடந்துபோனால் பேச்சைப் பட்டாணி விலைக்கு மாற்றிவிடுவார்கள். அப்பாவின் பெயர் புரமோஷன் பட்டியலில் இருந்தது. காலனியில் யாராவது சத்தமாகப் பேசினால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார்.

ஒருநாள் மதியம், ஆபீஸ் விடுவதற்கு வெகு முன்னதாக அப்பா வீட்டுக்கு வந்தார். சைக்கிளைப் பூட்டவில்லை. கதவைச் சாத்தினார், ஜன்னலைச் சாத்தினார். குரல் எழும்பவேயில்லை.

"மதறாஸுக்கு என்னளா அனுப்பினே?"

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மெமோ குடுத்திருக்கான். ஆபீஸ் காயிதம் பத்திரிகைக்காரன் கைக்கு எப்படிப் போச்சுன்னு கேக்கான். வேலை போச்சுன்னா ஊர்ல போயி என்னத்தத் திங்க?"

நடந்தது இதுதான். மதறாஸில் யாரோ ஒரு உதவி ஆசிரியர் உறையைப் பிரித்திருக்கிறார். எடுத்த எடுப்பில் சர்க்குலர் பக்கம்தான் கண்ணில் பட்டிருக்கிறது. மந்திராலயத்தின் பெயர், முகவரி, அசோகச் சின்னம்! ஒவ்வொரு வார்த்தையையும் சென்சாருக்குக் காட்டிவிட்டு அச்சடித்துக்கொண்டிருந்த காலம். யாரோ நம்மை வம்பில் மாட்டிவிடப் பார்க்கிறார்கள் என்று அவர் சந்தேகப்பட்டிருக்கிறார். அம்மா வைத்த சுயவிலாச உறையைத் தொடாமல், 'இவை தங்கள் அலுவலகக் காகிதங்கள் போலத் தெரிகின்றன' என்று ஒரு குறிப்பு வைத்து, சர்க்குலரில் இருந்த முகவரிக்கே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டார். அம்மா அடியில் தன் பெயரும் குவார்ட்டர்ஸ் எண்ணும் எழுதியிருந்தாள். அதை வைத்து அப்பாவைப் பிடித்துவிட்டார்கள்.

"அதுல அப்படி என்ன ரகசியம் இருக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"காயிதத்தச் சிக்கனமா உபயோகிக்கணும், ரெண்டு பக்கமும் எழுதணும்னு வந்த சர்க்குலரு."

"அவிய சொன்னதத்தானே செஞ்சிருக்கேன்!"

இப்போது சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அன்று அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. அப்பா பரணிலிருந்து, என் பையிலிருந்து, தலையணைக்கு அடியிலிருந்து, எல்லா ஒன்சைட் பேப்பரையும் எடுத்து அங்கீட்டியில் போட்டார். ஒவ்வொரு தாளையும் திருப்பி அச்சடித்த பக்கத்தை மட்டும் பார்த்தார், தீயில் வைத்தார். என் கணக்கு, என் மயில் படம், அம்மாவின் கட்டுரை முதலில் எழுதிய பிரதி. மறுபக்கத்தில் பெண்டாட்டி என்ன எழுதியிருக்கிறாள் என்று அவர் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. அம்மா முந்தானையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

எரித்து முடித்துவிட்டு அப்பா சொன்னார்: "கட்டுரையில கவர்ன்மென்ட்டுக்கு எதிரா ஏதாவது எழுதியிருக்கான்னு பாக்கணுமாம். இங்கிலீஷ்ல மாத்திக் குடுக்கச் சொல்லியிருக்கு."

"ஆருகிட்ட?"

"தமிழ் தெரிஞ்சவரு ஆபீஸ்ல வேற ஆரு? மாடி வீட்டுக்காரர்கிட்டதான்."

அம்மா அப்படியே சாய்ந்து உட்கார்ந்தாள். குரங்குக் குல்லாப் பத்தியில் மாமி மட்டுமா இருந்தார்? மாமாவும் அல்லவா இருந்தார்! கேலி செய்யப்பட்ட மனிதர் கையிலேயே அப்பாவின் வேலை போய் மாட்டிக்கொண்டது. போதாக்குறைக்கு அவர் பெண்டாட்டியோடு அம்மா பேச்சை முறித்திருந்தாள். அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. அம்மா சொல்லவுமில்லை.

அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, அப்பப்பா! மாடியில் நாற்காலி நகர்ந்தால் அம்மா அண்ணாந்து பார்ப்பாள். ஒருநாள் மாமா வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. கூடவே மாமியும் சிரித்தார். "கருவுதாங்க பாரு. நம்ம குடி கெடப்போறதுல சிரிப்பு" என்றாள் அம்மா. மாமி கீழே இறங்கிவந்து கதவைத் தட்டி, "கொஞ்சம் கறிவேப்பிலை இருக்குமோ?" என்றார். அம்மா விரலை வாயில் வைத்து என்னை அடக்கினாள். வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்பது அவள் எண்ணம். நாங்கள் இருவரும் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

கடைசியில் ஒரு சாயங்காலம் அப்பா ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்தார். "முடிஞ்சுதுளா! ஒண்ணுமில்ல, வெறும் சமையல் குறிப்புன்னு எழுதிக் குடுத்துட்டாரு. அந்தத் தாளையெல்லாம் ஃபைல்ல சேத்து மூடிட்டாங்க. இனிமே ஆபீஸ் காயிதம் வெளிய போகப்படாதுன்னு சொல்லி விட்டுட்டாங்க. நல்ல மனுசன்யா!"

அம்மா ஜிலேபியைத் தொடவில்லை.

"சமையல் குறிப்பா?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். அப்பாவின் வேலையைக் காப்பாற்றிய அந்த இரண்டு வார்த்தை அம்மாவின் பேனாவை மூடிவைத்துவிட்டது. மாமா வேண்டுமென்றே மட்டம் தட்டினார், பெண்டாட்டியைக் கேலி செய்ததற்குப் பழி வாங்கினார் என்று தீர்மானித்துவிட்டாள். சில நாள் கழித்து மாமி வாசலிலேயே மடக்கிப் பிடித்துச் சொன்னார்: "வெட்டின பக்கம் ஸ்வெட்டர் டிசைன்டி அசடு, எங்கிட்ட கேட்டிருக்கப்படாதா? அது கெடக்கட்டும். நீ எழுதினது மாமாவுக்கு மனப்பாடமாவே ஆயிடுத்து. அவர் சொல்லச் சொல்ல நீ எழுதிக்கோ. நல்ல பேப்பர்ல திருப்பி அனுப்பு."

"வேண்டாம் மாமி" என்று அம்மா கதவைச் சாத்தினாள். உள்ளே வந்து என்னிடம், "என் வாயைக் கிண்டி மிச்சத்தையும் தெரிஞ்சுக்கிட்டு, தன் பேர்ல போட்டுக்குவா. எனக்கா தெரியாது?" என்றாள். பிறகு அப்பாவுக்குப் புரமோஷன் வந்தது. வேறு குவார்ட்டர்ஸுக்குப் போனோம். அம்மா ஸ்வெட்டர் பின்னினாள். ஒரு கடிதம் எழுதுவதானாலும் என்னை எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்து மட்டும் போடுவாள்.

அப்பா போய்ச் சில வருஷமாகிறது. மாடி மாமாவும் போய்விட்டார். போன மாதம் இங்கே தில்லி துவாரகாவில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போனேன். சோபாவில் ஒரு ஓரமாக மாடி மாமி உட்கார்ந்திருந்தார். தொண்ணூறை நெருங்கிவிட்டார். நான் யாரென்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, யாரும் கேட்காமலே, சுலோகம் சொல்லுகிற மாதிரி சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவசரமாகப் போனை எடுத்துப் பதிவு செய்தேன்.

'எங்கள் மாடி வீட்டு அம்மாள் மாவுப் பாத்திரத்துக்குக் குரங்குக் குல்லா மாட்டி, ரஜாய்ப் போர்வைக்குள் தனக்கும் தன் கணவருக்கும் நடுவே படுக்க வைத்துவிடுவார். காலையில் மாவு பொங்கியிருக்கும். கணவருக்கு ஜலதோஷம் பிடித்திருக்கும். கேட்டால், வீட்டில் குல்லா ஒன்றுதானே இருக்கிறது என்பார்.'

"ஒவ்வொரு குளிருக்கும் அவருக்கு மூக்கு ஒழுகித்துன்னா இதைத்தான் சொல்லுவார்" என்று மாமி சிரித்தார். "இதை இங்கிலீஷ்ல போடாமலே விட்டுட்டார். சமையல் குறிப்புன்னு எழுதினாத்தான் ஃபைல மூடுவான், கீழாத்து மனுஷன் பொழைச்சுப்பான்னார். உங்கம்மாக்கு எங்க மேல என்னடி கோபம்?"

பதிவை நிறுத்திவிட்டு, "பந்தி போட்டாச்சு மாமி" என்று கையைப் பிடித்து எழுப்பினேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பதிவைப் போட்டுக் காட்டினேன். அவளுக்கு எண்பது ஆகப்போகிறது, காது மட்டும் பாம்புச் செவி. தன் வாக்கியங்கள் இன்னொருத்தி குரலில் வருவதை அசையாமல் கேட்டாள். திரும்பப் போடச் சொன்னாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஒரு வரிய விட்டுட்டா, களவாணி" என்றாள்.

"எந்த வரிம்மா?"

"'அந்த மாவைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.'"

எங்கள் ஒற்றை அறையில் அப்பாவின் கட்டில் ஜன்னல் ஓரம் இருந்தது. நானும் அம்மாவும் எதிர்ச்சுவரோரம் இன்னொரு ரஜாய்க்குள். நடுவில் வெறும் சிமென்ட் தரை, காலை வைத்தால் சுரீர் என்று குளிரும். அவளுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது. சின்னப் பிள்ளைக்குக் கிடையாது என்று கையால் மறைத்தாளே, அது இந்த வரிதான்.

மாமி மறந்திருப்பாரா? குல்லாவையும் ஜலதோஷத்தையும் சொல் பிசகாமல் வைத்திருந்தவருக்கு இதுவா மறக்கும்! கீழ் வீட்டு மனிதர் காதுக்குப் போகக் கூடாது என்று மாமாவும் மாமியும் அந்த ஒரு வரியை அன்றைக்கே எடுத்து ஒளித்துவைத்துவிட்டார்கள். இத்தனை வருஷம் கழித்து என் முகத்தைப் பார்த்தபோதும் வெளியே விடவில்லை. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு திருட்டுப் பட்டம் கட்டினோம். இதை அம்மாவிடம் சொன்னேன்.

"அந்த மலருன்னியே, அதுல இதப் போடுவாங்களா?"

"போடுவாங்கம்மா."

"அந்த வரியோட?"

"அந்த வரியோட."

"அப்ப புதுத் தாளு வாங்கிட்டு வா. ரெண்டு பக்கமும் நல்லாத் திருப்பிப் பாத்து வாங்கு."

வாங்கி வந்தேன். ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி, அடியில் தன் பெயரைப் போட்டுத் தந்திருக்கிறாள். இதோடு இணைத்திருக்கிறேன். மலரில் இடம் போதாவிட்டால் நான் எழுதியதைத் தூக்கிப் போடுங்கள், என் பெயரும் வேண்டாம். அவள் பெயரை மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள். ஒரு வரியும் குறையக் கூடாது என்று சொல்லச் சொன்னாள். உங்களை அவள் நம்பவில்லை. மலர் வந்ததும் எண்ணிப் பார்ப்பாளாம்.